நீலகிரி எக்ஸ் இன்ஜினை 5 அங்குல கேஜில் கட்டுவது: முதலில் ரேக், பிறகுதான் மற்றவை

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயிலைத் தள்ளிக்கொண்டு ஏறும் எக்ஸ் வகுப்பு இன்ஜினை மாதிரியாகக் கட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் சக்கரங்களில் தொடங்குகிறார்கள், அல்லது பாய்லரில். சாதாரண இன்ஜினுக்கு அது சரி. இந்த இன்ஜினை அப்படித் தொடங்கினால் ஒரு வருட வேலைக்குப் பிறகு பிஞ்சன் எனும் பற்சக்கரம் போய் அச்சில் இடிக்கும், அல்லது பாயின்டை (பாதை பிரியும் இடத்தை) கடக்கும்போது தண்டவாளத்தில் அடிக்கும். பிஞ்சன் பிடித்து ஏறும் பற்பட்டையான ரேக்கின் பல் நுனி தண்டவாள மட்டத்துக்கு மேல் எத்தனை மி.மீ. என்ற ஒரே ஓர் அளவிலிருந்துதான் இந்த இன்ஜினின் அடிப்பகுதி முழுவதும் பிறக்கிறது.

அசலைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் எஸ்.எல்.எம். ஆலை 1914 முதல் கட்டிக் கொடுத்த இன்ஜின் இது. அங்கிருந்து வந்த கடைசித் தொகுதி 1952இல். பிற்காலத்தில் திருச்சி பொன்மலைப் பணிமனையே புதிதாகக் கட்டியது. எட்டு இணைச் சக்கரங்கள், பின்னால் இரண்டு தாங்கு சக்கரங்கள். சிலிண்டர்கள் நான்கு. கீழே உள்ள இரண்டு உயர் அழுத்த சிலிண்டர்கள் சக்கரங்களைச் சுற்றுகின்றன. மேலே உள்ள இரண்டு தாழ் அழுத்த சிலிண்டர்கள் கியர் வழியாக ரேக் பிஞ்சன்களைச் சுற்றுகின்றன. கல்லாறு வரை கீழ் ஜோடி மட்டும் வேலை செய்யும். கல்லாறில் ரேக் தொடங்கியதும், கீழே வேலை முடித்த நீராவி மேல் ஜோடிக்குப் போய் இரண்டாம் முறை வேலை செய்யும்.

இந்த அமைப்பின் அழகு, சக்கர இன்ஜினும் ரேக் இன்ஜினும் இரும்பால் இணைக்கப்படவில்லை, நீராவியால் மட்டுமே இணைந்திருக்கின்றன என்பது. சக்கரம் வழுக்கினால் கீழ் சிலிண்டர்கள் வேகமாக ஓடி, இரண்டு ஜோடிகளுக்கும் இடையே உள்ள நடு அறைக்கு அதிக நீராவியைத் தள்ளும். அங்கே அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் கீழ் பிஸ்டன்களைப் பின்னுக்குத் தள்ளி வழுக்கலை நிறுத்தும், மேல் பிஸ்டன்களுக்குக் கூடுதல் பலம் தரும். டிரைவர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. மாதிரி கட்டும் பலர் மேல் சிலிண்டர்களை வெறும் அலங்காரமாக விட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் இந்த இன்ஜினைத் தேர்ந்தெடுத்ததற்கே பொருளில்லை.

அளவைத் தீர்மானித்தல்

நீலகிரிப் பாதை மீட்டர் கேஜ், 1000 மி.மீ. 5 அங்குல கேஜ் 127 மி.மீ. ஆக, 7.87இல் ஒரு பங்கு. 815 மி.மீ. சக்கரம் 103.5 ஆகிறது. எடை கன மடங்கில் (7.87 × 7.87 × 7.87) குறையும்: அசல் சுமார் 50 டன் என்றால் மாதிரி சுமார் 100 கிலோ. அதில் 85 கிலோ இணைச் சக்கரங்கள்மேல் விழும் என்று வைத்துக்கொள்ளலாம்.

அசலின் சிலிண்டர் போர் (உள்விட்டம்) 450, ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 430. சுருக்கினால் போர் 57, ஸ்ட்ரோக் 54.6. ஸ்ட்ரோக்கை 54 என்று எடுத்துக்கொள்ளுங்கள். போரை மட்டும் அப்படியே எடுக்காதீர்கள். 6 பார் அழுத்தத்தில் 57 போர் இரண்டு சிலிண்டர்கள் 88 கிலோ இழுவை தரும். சக்கரத்தின் பிடிப்போ நாலில் ஒரு பங்கு என்ற கணக்கில் 21 கிலோதான். ரெகுலேட்டரை (நீராவி திறக்கும் கைப்பிடியை) தொட்டாலே சக்கரம் சுழலும், பாய்லரும் சில நிமிடங்களில் காலியாகும். கீழ் சிலிண்டருக்கு 30 போர் வையுங்கள்; இழுவை 24.5 கிலோ வரும். சிலிண்டரின் வெளியுடலை அசல் அளவிலேயே வார்த்து, உள்ளே கன்மெட்டல் லைனர் போட்டால் வெளித்தோற்றம் கெடாது.

மேல் சிலிண்டரின் போரை இப்போது சொல்ல முடியாது. அது கியர் விகிதத்தைப் பொறுத்தது. கியர் விகிதம் இட வசதியைப் பொறுத்தது. இட வசதி ரேக்கின் உயரத்தைப் பொறுத்தது.

ரேக்

நீலகிரியில் இருப்பது ஆப்ட் முறை. பல் வெட்டிய இரண்டு பட்டைகள் 44 மி.மீ. இடைவெளியில், தண்டவாளத்துக்கு 65 மி.மீ. மேலே, ஒன்றின் பல் மற்றொன்றின் பள்ளத்துக்கு எதிராக வரும்படி நிற்கின்றன. பல்லுக்குப் பல் 120 மி.மீ. அதைச் சுருக்கினால் 15.24. அதற்குக் கடையில் கட்டர் கிடையாது. மாட்யூல் (பல்லின் அளவெண்; அதை 3.1416ஆல் பெருக்கினால் பிட்ச், அதாவது பல்லுக்குப் பல் தூரம்) 5 எடுத்தால் பிட்ச் 15.708, கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, கட்டர் எங்கும் கிடைக்கும்.

உயரத்தில்தான் பொறி இருக்கிறது. 65ஐச் சுருக்கினால் 8.3 மி.மீ. மாட்யூல் 5 முழுப் பல், ரேக்கின் நுனியிலிருந்து 10 மி.மீ. கீழே இறங்கும். அதாவது பிஞ்சனின் அடி, தண்டவாள மட்டத்துக்குக் கீழே 1.7 மி.மீ. போய்விடும். ரேக் இல்லாத இடத்தில் பாயின்டைக் கடக்கும்போது தண்டவாளத்தில் மோதும். அதனால் ரேக்கின் நுனியை 13 மி.மீ. உயரத்தில் வையுங்கள். பிஞ்சன் அடி தண்டவாளத்துக்கு 3 மி.மீ. மேலே நிற்கும். சக்கரம் தேய்ந்து 1 மி.மீ. இறங்கினாலும் இடிக்காது.

பட்டைக்கு 6 மி.மீ. கனத்தில் எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) பிளாட் போதும். 24 பல்லுக்கு ஒரு துண்டு, நீளம் 377 மி.மீ. இரண்டு பட்டைகளின் இணைப்புகளும் ஒரே இடத்தில் வரக் கூடாது. இணைப்பு எப்போதும் பள்ளத்தின் நடுவில் வர வேண்டும்; பல்லில் வந்தால் அந்த அரைப்பல் சீக்கிரம் மடங்கிவிடும். வெயிலில் 30 டிகிரி ஏறினால் ஒரு துண்டு 0.13 மி.மீ. நீளும், ஆகவே காலையில் பூட்டும்போது அந்த அளவு இடைவெளி விடுங்கள். ஆறு பல்லுக்கு ஒரு தாங்கி என்ற கணக்கில் 94 மி.மீ.க்கு ஒன்றாகக் கட்டைகளில் பூட்டலாம்.

மில்லிங்கில் வெட்டினால் ஒவ்வொரு பல்லுக்கும் 15.708 நகர்த்திக்கொண்டே போகாதீர்கள். பிழை சேர்ந்துகொண்டே போய் 24ஆம் பல்லில் கால் மி.மீ. விலகிவிடும். முதல் பள்ளத்திலிருந்தே அளந்து 15.71, 31.42, 47.12 என்று போக வேண்டும். நாலைந்து பட்டைகளைச் சேர்த்து இறுக்கி ஒரே ஓட்டத்தில் வெட்டினால் எல்லாம் ஒன்றுபோல் அமையும். கோவைப் பக்கம் லேசர் கட்டிங்கில் கொடுத்தும் வாங்கலாம். ஆனால் லேசர் முகம் சற்றுச் சாய்ந்திருக்கும், மேல்தோலும் கடினமாகியிருக்கும். பல் முகத்தில் 0.2 மி.மீ. கூடுதலாக விட்டு வெட்டச் சொல்லி, பிறகு கட்டரால் ஓர் ஓட்டம் கொடுப்பதே சரி.

கட்டர் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. மாட்யூல் கட்டர்களில் எண் 1 என்பது 12, 13 பல்லுக்கு. எண் 8 ரேக்குக்கு. டி.பி. (அங்குலக் கணக்கு) கட்டர்களில் இந்த வரிசை தலைகீழ். பழைய டி.பி. பட்டியலைப் பார்த்து வாங்கி ஒரு செட் பிஞ்சனை வீணாக்குவது எளிதாக நடக்கும். இங்கே ரேக்குக்கு எண் 8, 22 பல் பிஞ்சனுக்கு எண் 4.

பிஞ்சனும் உள் ஃப்ரேமும்

பிஞ்சன் 22 பல். பிட்ச் விட்டம் 110, வெளி விட்டம் 120. 40க்கு 1 டிவைடிங் ஹெட்டில் 33 துளை வட்டம் எடுத்து, ஒரு பல்லுக்கு ஒரு முழுச் சுற்றும் 27 துளையும். பொருள் இ.என். 8 எஃகு, பல்லை மட்டும் கடினமாக்கிக்கொள்ளலாம். ரேக் மென்மையாக இருக்கலாம், ஏனென்றால் ரேக்கின் ஒரு பல் ஒரு பயணத்தில் சில முறைதான் சுமை தாங்குகிறது. பிஞ்சனின் பல் ஒவ்வொரு சுற்றிலும் தாங்குகிறது.

ஒரு பிஞ்சன் என்பது 8 மி.மீ. கனமுள்ள இரண்டு வட்டுகள், ஒன்றுக்கொன்று அரைப் பல் தள்ளி. இப்படி இரண்டு பிஞ்சன்கள். பிஞ்சன்களின் மையங்களுக்கு இடையே 9.25 பிட்ச், அதாவது 145.3 மி.மீ. அந்தக் கால் பிட்ச் வேண்டுமென்றே வைப்பது: நான்கு வட்டுகளும் கால் கால் பல்லாகத் தள்ளிப் பிடிப்பதால் இழுவை சீராக வரும், குலுக்கல் இருக்காது. 125 மி.மீ. போன்ற குறைந்த இடைவெளி வைத்தால் நடுவில் வரும் 16 மி.மீ. சக்கர அச்சில் பிஞ்சன் இடிக்கும். 145.3இல் 5.5 மி.மீ. இடைவெளி கிடைக்கிறது.

பிஞ்சன்களை முதன்மை ஃப்ரேமில் பூட்டவே கூடாது. ஃப்ரேம் ஸ்பிரிங்மேல் ஆடும். பிஞ்சன் 1 மி.மீ. ஏறினால் பேக்லாஷ் (பற்களுக்கு இடையிலான தளர்வு) 0.73 மி.மீ. கூடும், 3 மி.மீ. ஏறினால் பல் பிடிப்பு பத்திலிருந்து ஏழு மி.மீ.க்கு வந்துவிடும். அந்த நிலையில் முழுச் சுமையுடன் பல் நுனிமேல் நுனி ஏறினால் ஏதோ ஒன்று உடையும். ஆகவே இரண்டாம், நான்காம் அச்சுகளின்மேல் வெண்கல புஷ் போட்டு நேரடியாக உட்காரும் தனி உள் ஃப்ரேம் கட்டுங்கள். பிஞ்சன், கியர், மேல் கிராங்க் எல்லாம் அதில். நடு அச்சு ஒரு நீள்துளை வழியாகக் கடக்கட்டும். கிராங்க் அச்சின் முனைகள் வெளியே வர முதன்மை ஃப்ரேமில் செங்குத்துத் துளை, மேலும் கீழும் 4 மி.மீ. தளர்வுடன். மேல் சிலிண்டரில் பிஸ்டனுக்கு இரு முனையிலும் 1.5 மி.மீ. விட்டால் இந்த ஆட்டத்தைத் தாங்கும்.

கியர் மாட்யூல் 2.5. கிராங்க் அச்சில் 24 பல், பிஞ்சன் அச்சுகளில் 40 பல். கிராங்கின் ஒரே சிறு கியர் இரண்டு பெரிய கியர்களையும் ஓட்டும். மைய தூரம் 80 மி.மீ.; அதனால் கிராங்க் மையம் பிஞ்சன் மையத்துக்கு 33.5 மி.மீ. மேலே, தண்டவாளத்திலிருந்து 96.5 மி.மீ. உயரத்தில் வருகிறது. சிறு கியருக்கும் அதன் கீழே உள்ள சக்கர அச்சுக்கும் இடையே 4 மி.மீ. மட்டுமே இருக்கும். இதை அட்டையில் வெட்டி வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு இரும்பைத் தொடுங்கள்.

இப்போது மேல் போர் கிடைக்கிறது. இன்ஜின் 325 மி.மீ. நகரும்போது சக்கரக் கிராங்க் ஒரு சுற்று. ரேக் கிராங்க்குக்கு ஒரு சுற்று 207 மி.மீ. வேக விகிதம் 1.57. மேல் போர் 36 வைத்தால் மொத்தக் கொள்ளளவு விகிதம் 2.26 ஆகிறது; நீராவியை இரண்டு முறை பயன்படுத்தும் காம்பவுண்டு இன்ஜினுக்குப் பொருத்தமான அளவு. 6 பாரில் நடு அறை அழுத்தம் 2 பார் அருகில் நிற்கும். இழுவை சக்கரங்களில் சுமார் 15 கிலோ, ரேக்கில் சுமார் 19 கிலோ. இன்ஜினும் பெட்டிகளும் ஆட்களும் சேர்த்து 350 கிலோ என்றால், 12.5க்கு 1 ஏற்றத்தில் 28 கிலோவும் உருளும் தடைக்கு மூன்றரை கிலோவும் தேவை. போதும், சற்று மிச்சமும் இருக்கிறது. சக்கரங்கள்மேல் விழும் 15 கிலோ பிடிப்பு எல்லையான 21க்குள் இருப்பதையும் கவனியுங்கள். ரேக்கில் ஏறியதும் இந்த இன்ஜின் வழுக்குவதை நிறுத்திவிடுவதன் காரணம் இதுதான்.

பிஞ்சன் வட்டுகளை அச்சில் முதலிலேயே பின் போட்டுவிட்டால் நான்கில் ஒன்று மட்டும் முழுச் சுமையும் தாங்கும். மற்ற மூன்றும் சும்மா சுற்றும். வட்டுகளின் போல்ட் துளைகளை நீள்துளையாக வெட்டுங்கள். இரண்டு ரேக் துண்டுகளைச் சமதளப் பலகையில் பூட்டி, உள் ஃப்ரேமைச் சரியான உயரத்தில் கட்டைமேல் நிறுத்தி, பேக்லாஷ் 0.3 மி.மீ. இருக்கிறதா என்று பாருங்கள். கிராங்கை ஏற்றத் திசையில் அழுத்திப் பிடித்து, நான்கு வட்டுகளும் ரேக்கின் அதே பக்க முகத்தைத் தொடும்படி தள்ளி இறுக்குங்கள். 0.05 மி.மீ. ஃபீலர் தகடு எதிலும் நுழையக் கூடாது. அதன் பிறகே 4 மி.மீ. ரீமர் ஓட்டி டவல் பின் அடிக்க வேண்டும். இந்த ஒரு வேலைக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்.

வால்வு கியர், மாற்று வால்வு

இடையில் ஒரே கியர் ஜோடி இருப்பதால் மேல் கிராங்க் சக்கரங்களுக்கு எதிர்த் திசையில் சுற்றும். அசல் இன்ஜின் ஏறும்போது பக்கவாட்டில் நின்று பார்த்தவர்களுக்கு இந்த எதிர்ச்சுழற்சி மறக்காது. கட்டுபவருக்கு இதன் பொருள்: இரண்டு ஜோடிகளுக்கும் வால்ஷார்ட்ஸ் கியரை (நீராவி வால்வை ஓட்டும் கம்பி அமைப்பை) ஒரே அச்சில் வார்த்தாற்போல் அமைத்து ஒரே கம்பியில் இணைத்தால், சக்கரம் முன்னே போகும்போது ரேக் பின்னே இழுக்கும். கீழ் லிங்க்கில் டை பிளாக் (லிங்க்கில் ஏறி இறங்கித் திசையை மாற்றும் துண்டு) கீழே இருக்கும்போது மேல் லிங்க்கில் மேலே இருக்க வேண்டும். நடுவில் ஒரு இரட்டைக் கை நெம்புகோல் போட்டால் முடிந்தது. முதலில் அழுத்தக் காற்று 1 பாரில், இன்ஜினைக் கட்டைமேல் தூக்கி நிறுத்தி, இரண்டு திசைகளையும் சோதியுங்கள்.

கீழ் சிலிண்டரின் வெளியேறும் நீராவியை நேராகப் புகைபோக்கிக்கோ நடு அறைக்கோ திருப்ப மூவழி வால்வு வேண்டும். கன்மெட்டல் உடலில் கன்மெட்டல் பிளக் போட்டால் சூட்டில் இறுகிக்கொள்ளும், அதுவும் ரேக் நுழையும் நேரத்தில். டெஃப்ளான் இருக்கை உள்ள பந்து வால்வு இந்தச் சூட்டைத் தாங்கும். கைப்பிடியைப் புகைப்பெட்டிக்கு வெளியே வையுங்கள். நடு அறையை மட்டும் புகைப்பெட்டிக்குள் வையுங்கள், நீராவி ஈரமாகாமல் இருக்கும். அதில் 3 பாருக்குத் திறக்கும் சேஃப்டி வால்வும் ஒரு பிரஷர் கேஜும் அவசியம். ஏற்றத்தில் அந்தக் கேஜ் அரை பாருக்குக் கீழே நின்றால் மேல் வால்வுகள் கசிகின்றன. 3ஐத் தொட்டுக்கொண்டே இருந்தால் கீழ் பிஸ்டன் வளையங்கள் விட்டுவிட்டன, அல்லது மேல் கட்-ஆஃப் (ஸ்ட்ரோக்கில் நீராவி உள்ளே விடப்படும் பங்கு) குறைவாக இருக்கிறது.

சமதளத்தில் ஓடும்போது மேல் சிலிண்டர்கள் சும்மா நின்று குளிர்ந்துவிடும். திடீரென்று நீராவி விட்டால் உள்ளே தண்ணீராக மாறி, பிஸ்டன் அதை அமுக்க முடியாமல் கம்பி வளையும். ரேக்குக்கு முன்பு நின்று, டிரெயின் காக்குகளைத் திறந்து, வெறும் நீராவி வரும்வரை அரை நிமிடமாவது சூடேற்றுங்கள். எண்ணெயும் அப்படித்தான்: சக்கரத்திலிருந்து ஓடும் லூப்ரிகேட்டர் கீழ் ஜோடிக்கு மட்டும் எண்ணெய் தரும். நடு அறைக்குள் இரண்டாவது குழாய் ஒன்று விடுங்கள். 460 தர நீராவி சிலிண்டர் எண்ணெயைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.

ரேக்கின் நுழைவில் 250 மி.மீ. நீளப் பட்டை, ஒரு முனையில் கீல், அடியில் ஸ்பிரிங். பல் உயரம் பூஜ்யத்திலிருந்து படிப்படியாக முழு அளவுக்கு ஏறட்டும். பிஞ்சன் நுழைவதற்கு முன்பே மெல்லச் சுழன்றுகொண்டிருக்க வேண்டும், அசலிலும் இப்படித்தான். நின்ற பிஞ்சனை உருட்டிக்கொண்டு நுழைந்தால் முதல் பல் நுனிமேல் ஏறி இன்ஜினையே தூக்கிவிடும். வேகம் வினாடிக்கு 30 செ.மீ.க்கு மேல் வேண்டாம்.

பாய்லர்

உடல் 150 மி.மீ. விட்டச் செம்பு, 3.2 மி.மீ. கனம், வெள்ளிப் பற்றவைப்பு. வேலை அழுத்தம் 6 பார் என்றால் குளிர்ந்த நீரால் 12 பாருக்குச் சோதனை, நெருப்பு மூட்டுவதற்கு முன்பு. குழாய்கள் 300 மி.மீ. நீளத்துக்கு உள்விட்டம் 11. மற்றபடி வழக்கமான பாய்லர்தான். சாய்வு ஒன்றுதான் வேறுபாடு.

புகைப்பெட்டியை ஏற்றப் பக்கமும் நெருப்புப் பெட்டியை இறக்கப் பக்கமும் வைத்துத்தான் இந்த ஏற்றத்தில் ஓட்ட வேண்டும்; அப்போதுதான் நெருப்புப் பெட்டியின் கூரை தண்ணீருக்குள் இருக்கும். 600 மி.மீ. நீளப் பாய்லரில் இரு முனைகளுக்கும் 48 மி.மீ. வேறுபாடு. பின்பக்கத் தண்ணீர்மட்டக் கண்ணாடி, சமதளத்தில் காட்டுவதைவிட 24 மி.மீ. கூடுதலாகக் காட்டும். ஏற்றம் முழுக்கத் தண்ணீர் நிறைய இருப்பதாக நம்பி, உச்சியில் சமதளத்துக்கு வந்ததும் மட்டம் 24 மி.மீ. சடாரென்று விழுந்து கூரை வெளிப்படும். உச்சிக்கு இருபது மீட்டர் முன்பே தண்ணீர் ஏற்றத் தொடங்குங்கள்.

பக்கத் தொட்டிகள் பாய்லரை ஒட்டி இருப்பதால் நம் வெயிலில் தண்ணீர் 40 டிகிரியைத் தாண்டிவிடும், இன்ஜெக்டர் (நீராவியால் பாய்லருக்குள் தண்ணீர் தள்ளும் கருவி) பிடிக்காது. இன்ஜெக்டருக்கான தண்ணீரை ஆள் உட்காரும் வண்டியில் தனித் தொட்டியில் வையுங்கள். அச்சு பம்ப் 12 போர், 16 ஸ்ட்ரோக் இருந்தால் தேவைக்குத் தாராளம். கைப்பம்பு கட்டாயம்.

இறக்கம்

ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. அதே 350 கிலோ ரயில் இறங்கும்போது 24.5 கிலோ விசையோடு கீழே இழுக்கும். சக்கர பிரேக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தண்டவாளப் பிடிப்பு 21 கிலோவில் முடிந்துவிடும். சக்கரங்கள் பூட்டியபடியே ரயில் வழுக்கிக்கொண்டு போகும். ரேக் பிரேக் இல்லாமல் இந்த ஏற்றத்தில் ஒரு மீட்டர்கூட ஓட்டக் கூடாது.

மேல் கிராங்க் அச்சில் 60 மி.மீ. டிரம், 12 மி.மீ. அகலப் பட்டை பிரேக். முழுச் சுமையில் டிரம் விளிம்பில் 27 கிலோ தாங்க வேண்டும். பட்டை பிரேக் ஒரு திசையில் தானே இறுகும், மறு திசையில் தளரும். கிராங்க் எதிர்த் திசையில் சுற்றுவதை மறந்து பட்டையின் நிலை முனையைத் தவறான பக்கம் பூட்டினால், பிடிக்க வேண்டிய நேரத்தில் அது தளர்ந்துவிடும். இறங்கும்போது டிரம் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று கையால் சுற்றிப் பார்த்துவிட்டே பூட்டுங்கள். இரண்டு டிரம், இரண்டு தனித்தனி நெம்புகோல். அசலில் சிலிண்டர்களையே காற்றழுத்தியாக மாற்றிப் பிடிக்கும் முறையும் உண்டு. அதற்கு சிலிண்டருக்குள் தண்ணீர் தெளித்துக் குளிர்விக்க வேண்டும். இந்த அளவில் அது வேண்டாம்.

இன்ஜின் எப்போதும் ரயிலின் கீழ் முனையில். பெட்டிகள் மேலே. கொக்கி அறுந்தாலும் பெட்டி இன்ஜின்மேல்தான் சாயும். ஒவ்வொரு பெட்டியிலும் கையால் இறுக்கும் பிரேக்கும், அதன்மேல் கை வைத்தபடி ஓர் ஆளும் இருக்கட்டும். மலைப்பாதையில் பெட்டிக்கொரு பிரேக்மேன் நிற்பது அதற்காகத்தான்.

முதல் ஓட்டத்தை ஆள் ஏற்றாமல், மணல் மூட்டைகளோடு, ஐந்து மீட்டர் ஏறி ஐந்து மீட்டர் இறங்கிப் பாருங்கள். பிறகு உள் ஃப்ரேமைக் கழற்றி, பிஞ்சன் பற்களில் சுமை பட்ட தடம் நான்கு வட்டுகளிலும் ஒரே அகலத்தில் இருக்கிறதா என்று விளக்கு வைத்துப் பாருங்கள். ஒன்றில் மட்டும் பளபளப்பு இருந்தால் டவல் பின்களைக் கழற்றி மறுபடி அமைக்க வேண்டியதுதான்.